பிறந்த குழந்தையின் கருவிழி வெளுத்திருந்தால்: கேள்வி பதில்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தந்தை: பிறந்து சில நாட்களே ஆன என் மகளின் இரண்டு கண்களிலும் நடுவே வெள்ளையாக இருக்கிறது. பூ விழுந்திருக்கிறது, தாய்ப்பால் விட்டால் கரைந்துவிடும் என்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் வரை பொறுக்கலாமா, டாக்டர்?

பொறுக்க வேண்டாம், கண்ணில் எதையும் விடவும் வேண்டாம். அந்த வெண்மை மேலே படிந்த அழுக்கன்று, கருவிழியின் (கண்ணின் முன்புறத்தில் ஒளியை உள்ளே விடும் தெளிந்த பகுதி) உள்ளடுக்கிலேயே இருப்பது; தாய்ப்பால் அதைக் கரைக்காது, கிருமித்தொற்றுக்கு வேண்டுமானால் வழி செய்யும். கருவில் கண் உருவாகும்போது கருவிழியின் பின்னடுக்குகளாக மாறவேண்டிய செல்கள் உரிய இடத்துக்கு வந்து சேராவிட்டால், நடுப்பகுதி தெளிவில்லாமல் போகும். சில குழந்தைகளுக்குக் கருவிழிப்படலமோ (கருவிழிக்குப் பின்னால் பாப்பாவைச் சுற்றியுள்ள நிறமுள்ள வளையம்) லென்ஸோ அதன் பின்புறத்தில் ஒட்டியிருக்கும். 1906இல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் பீட்டர்ஸ் அனாமலி என்கிறோம். உங்கள் மகளுக்கு இதுதான் என்று நேரில் பாராமல் சொல்ல இயலாது. ஆனால் இக்குழந்தைகளில் பாதிப்பேருக்கு மேல் கண் அழுத்தமும் கூடுவதால், முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். தடைக்காலம் ஏப்ரல் 15இல்தான் தொடங்கும். அழுத்தத்தால் சேதமாகும் பார்வை நரம்பு அதுவரை காத்திராது.

தொண்டியிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்குப் பெரிய, அழகான கண்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் எப்போதும் நீர் வடிகிறது. வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

நம் கடற்கரை வெயிலில் யாருக்கும் கண் கூசும். வீட்டுக்குள்ளும் கூசினால் அது வேறு. பிறந்த குழந்தையின் கருவிழி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அகலமிருக்கும். முதல் ஆண்டிலேயே 12ஐத் தாண்டினால், கண்ணுள் நீர் வெளியேறும் பாதை சரியாக அமையாமல் அழுத்தம் கூடிக் கண்ணே விரிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். கண்ணீர்ப்பை அடைப்பிலும் நீர் வடியும், ஆனால் வெளிச்சம் இப்படி வருத்தாது. பிறவிக் கிளாக்கோமா எனும் அந்தக் கண் அழுத்த நோயாக இருந்தால் சொட்டு மருந்து தற்காலிக உதவி மட்டுமே. அறுவை சிகிச்சைதான் தீர்வு, அதுவும் விரைவாக.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகி: என் குழந்தைக்குக் கண்ணில் பிறவிக்குறை வந்தது அத்தை மகனை மணந்ததாலா, கிரகணத்தன்று வெளியே வந்ததாலா?

கிரகணத்துக்கு இதில் பங்கில்லை. உறவுத் திருமணத்துக்குச் சில நோய்களில் பங்குண்டு: பிறவிக் கிளாக்கோமாவின் ஒரு வகையிலும், கருவிழி முழுவதும் நீர்கோத்து மங்கும் பரம்பரை நோயிலும், பெற்றோர் இருவரிடமும் குறையுள்ள மரபணு இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் 25 சதவீத வாய்ப்பு. இருவரிடமிருந்தும் வருவதைத் தாயின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. பீட்டர்ஸ் அனாமலியோ பெரும்பாலும் குடும்பத்தில் வேறு எவருக்கும் இல்லாமலே வருகிறது. நோயை உறுதிசெய்துகொண்டு, அடுத்த குழந்தைக்கு முன்னர் மரபணு ஆலோசனை பெறுங்கள்.

கீழக்கரையிலிருந்து ஒரு பாட்டனார்: தானமாகக் கிடைத்த கண்ணை வைத்துவிட்டால் பேரனுக்குப் பார்வை வந்துவிடாதா?

மாற்றப்படுவது முழுக் கண் அன்று, கருவிழி மட்டுமே. பெரியவர்களுக்கு நன்றாகப் பலிக்கும் இச்சிகிச்சை கைக்குழந்தைகளிடம் கடினமானது: உடல் அதை ஏற்க மறுப்பது அதிகம், தையல் சீக்கிரம் தளர்ந்துவிடும், அழும் குழந்தையைச் சோதிக்கவே பலமுறை மயக்க மருந்து தேவைப்படும். நீர்கோத்த கருவிழிக்கு மாற்றுச் சிகிச்சை ஓரளவு நன்றாகவே உதவுகிறது. பீட்டர்ஸில், குறிப்பாக லென்ஸ் ஒட்டியிருந்தால், பலன் குறைவு. ஓரம் தெளிவாக இருக்கும் கண்ணில் கருவிழிப்படலத்தைச் சிறிது வெட்டி ஒளிக்கு வழிவிடும் எளிய சிகிச்சையே போதுமானதாகலாம்; பல வேளைகளில் நான் முதலில் யோசிப்பது அதைத்தான். எதைச் செய்தாலும், தெளிவான பிம்பம் கிடைக்காத மூளை பார்க்கக் கற்றுக்கொள்ளாது என்பதால், அதன்பின் கண்ணாடியும், நல்ல கண்ணை மூடிவைத்துப் பழக்குவதும் ஆண்டுக்கணக்கில் தொடரும். மதுரையிலுள்ள கண் மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்பப் போய்வர யாரால் முடியும் என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து முன்பே முடிவு செய்யுங்கள்.

மண்டபத்திலிருந்து ஒரு கிராம சுகாதார செவிலியர்: வீட்டுக்குச் செல்லும்போது நான் எதைப் பார்க்க வேண்டும்?

டார்ச் வெளிச்சத்தில் இரு கண்களின் பாப்பாவும் கருப்பாகத் தெரிகிறதா, இரு கருவிழிகளும் ஒரே அளவா என்று பாருங்கள். ஐயமிருந்தால், பிறவிக்குறையுள்ள குழந்தைகளைக் கவனிக்கும் அரசு மையமான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுங்கள். வெண்மையோடு இமை வீங்கிச் சீழும் வந்தால் அது பிறவிக்குறை அன்று, தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே கண் மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்.