சாலை மூடினால் பயணம் முடங்குமா? நியூசிலாந்து கார்ப் பயணத்துக்கு ஒரு மாற்றுத் திட்டம்

கேள்வி: அக்டோபரில் 11 நாள் நியூசிலாந்து தெற்குத் தீவுக்குப் போகிறோம். நான், மனைவி, அப்பா, அம்மா. வாடகை கார், ஓட்டுவது நான் மட்டும். கிரைஸ்ட்சர்ச்சில் இறங்கி டெக்காபோ, குவீன்ஸ்டவுன், அங்கிருந்து ஒரே நாளில் மில்ஃபோர்ட் சவுண்ட் (மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்திருக்கும் இடம்) போய்த் திரும்புதல், பிறகு ஃபிரான்ஸ் ஜோசஃப் பனியாறு, மேற்குக் கரை வழியாக பிக்டன். கடைசி நாள் காலை பிக்டனில் கப்பல் ஏறி வெலிங்டன், மாலை அங்கிருந்து விமானம். போன வருடம் இதேபோல் போன நண்பர் சாலை மூடலில் மாட்டி இரண்டு நாள் இழந்தாராம். எங்கள் திட்டம் சரியா? (கோவை வாசகர்)

பதில்: ஊர்களின் தேர்வு அருமை. வரிசைதான் சரியில்லை. தாமதம் எங்கே வர அதிக வாய்ப்போ, அந்த இடங்களையெல்லாம் கடைசி நாட்களில் அடுக்கி, அதன் முடிவில் விமானத்தை வைத்திருக்கிறீர்கள்.

கோவைக்காரருக்கு இதை விளக்குவது எளிது. ஆடி மாதத்தில் வால்பாறையில் கொட்டித் தீர்க்கும்; கோவையில் காற்றும் சாரலும்தான். தெற்குத் தீவிலும் அதே கதை. தீவின் நெடுக சதர்ன் ஆல்ப்ஸ் மலைத்தொடர். மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று அதில் மோதி மேற்குக் கரையிலேயே மழையாக இறங்கிவிடும். மில்ஃபோர்ட் சவுண்டில் வருடத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சென்னையில் சுமார் 1,400. மலைக்குக் கிழக்கே உள்ள டெக்காபோ அதே நாளில் வெயில் காயும். வசந்த காலமான அக்டோபரில் இந்த மேற்குக் காற்று வலுவாகவே வீசும்.

மழையைவிடப் பெரிய சிக்கல், மேற்குக் கரையின் தென்பாதியில் ஒரே ஒரு சாலைதான் உண்டு என்பது. வனாகாவிலிருந்து ஹாஸ்ட் கணவாய் வழியாக ஃபிரான்ஸ் ஜோசஃப் வரை ஆறாம் எண் நெடுஞ்சாலை. அது மூடினால் பக்கத்து ஊர் வழியாகச் சுற்றிப் போகலாம் என்ற பேச்சே கிடையாது. 2019 மார்ச் 26 அன்று ஃபிரான்ஸ் ஜோசஃபுக்குத் தெற்கே வைஹோ ஆற்றுப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் ஃபாக்ஸ் பனியாற்று ஊருக்குப் போக, மலையைத் தாண்டிக் கிழக்கே வந்து, தெற்கே இறங்கி, மறுபடி மலையேறி, ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருந்தது. தற்காலிகப் பாலத்தை 18 நாளில் கட்டினார்கள். அது வியக்கத்தக்க வேகம்தான். ஆனால் உங்கள் மொத்த விடுமுறையே 11 நாள்!

அதனால் சுற்றைத் திருப்பிப் போடுங்கள். முதல் இரவு கிரைஸ்ட்சர்ச். இரண்டாம் நாள் ஆர்தர்ஸ் பாஸ் கணவாய் வழியாக மலையைக் கடந்து மேற்குக் கரை ஊரான ஹோகிடிகா. மூன்றாம் நாள் ஃபிரான்ஸ் ஜோசஃப், நான்காம் நாள் ஹாஸ்ட் வழியாக வனாகா. ஐந்தும் ஆறும் தே ஆனாவ் ஊரில். ஏழும் எட்டும் குவீன்ஸ்டவுன். ஒன்பதாம் இரவு டெக்காபோ, பத்தாம் இரவு கிரைஸ்ட்சர்ச், மறுநாள் அங்கிருந்தே விமானம்.

இதில் நான் பார்க்கும் லாபம் இரண்டு. ஹோகிடிகாவில் இருக்கும்போதே வானிலை மோசமென்று தெரிந்தால், தெற்கே போகாமல் வந்த வழியே கிழக்குக்குத் திரும்பி டெக்காபோ வழியாக குவீன்ஸ்டவுன் போய்விடலாம். பனியாற்றைப் பார்ப்பது மட்டும் தவறும், பயணம் பிழைக்கும். இன்னொன்று, கடைசி மூன்று நாளும் மலைக்குக் கிழக்கே, சாலைகள் அதிகமுள்ள பக்கம். குவீன்ஸ்டவுனில் கொடுத்திருக்கும் இரண்டு இரவில் ஒன்று சுற்றிப் பார்க்க அல்ல, தொலைப்பதற்கு. முன்னால் எங்காவது ஒரு நாள் மாட்டினால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டாவிட்டால் ஏரிக்கரையில் அப்பா அம்மாவோடு உட்கார்ந்திருங்கள்.

பிக்டன் கப்பலை நான் வெட்டிவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். தெற்குத் தீவுக்கும் வெலிங்டன் இருக்கும் வடக்குத் தீவுக்கும் நடுவிலுள்ள குக் ஜலசந்தியைக் கடக்க மூன்றரை மணி நேரம் ஆகும். அலை பெரிதானால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். கப்பலும் விமானமும் ஒரே நாளில் வேண்டவே வேண்டாம். வெலிங்டனைப் பார்த்தே ஆகவேண்டுமென்றால் அங்கே ஓர் இரவு தங்குங்கள்; காரை பிக்டனிலேயே ஒப்படைத்துவிட்டு ஆளாக மட்டும் ஏறுங்கள். ஒரு கப்பல் ரத்தானால் அடுத்ததில் காருக்கு இடம் கிடைப்பதைவிட ஆளுக்கு இடம் கிடைப்பது எளிது.

இனி மில்ஃபோர்ட். குவீன்ஸ்டவுனிலிருந்து போக மட்டும் 290 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். திரும்பவும் அவ்வளவே. தனி ஒரு ஓட்டுநர் வயதானவர்களை வைத்துக்கொண்டு ஒரே நாளில் செய்கிற வேலை இல்லை இது. தே ஆனாவிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர்தான். இரண்டு இரவு அங்கே தங்கச் சொன்னது அதற்காகத்தான். படகுச் சவாரியை ஆறாம் நாளுக்குப் பதியுங்கள், தேதி மாற்ற அனுமதிக்கும் சீட்டாகப் பார்த்து. அன்று சாலை மூடியிருந்தால் ஏழாம் நாள் காலை போய்விட்டு, குவீன்ஸ்டவுனுக்குத் தாமதமாகச் சேரலாம். மழை என்று பயந்து ரத்து செய்யாதீர்கள். சாலை திறந்திருந்தால், மழை நாளிலும் அதற்கு மறுநாளிலும்தான் பாறை முழுக்க அருவியாக இருக்கும். வெயில் நீடித்தால் பெரும்பாலான அருவிகள் வற்றிவிடும். அந்தச் சாலையில் பனிச்சரிவு அபாயம் நவம்பர் வரைகூட உண்டு. சக்கரச் சங்கிலி (பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் மாட்டுவது) வைத்திருக்கச் சொல்லிப் பலகை போட்டிருந்தால் தே ஆனாவிலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ‘இங்கே நிறுத்தாதே’ என்ற பலகை உள்ள இடத்தில் படமெடுக்க நிற்காதீர்கள். மேலே பனி தொங்குகிறது என்று பொருள். பெட்ரோலையும் தே ஆனாவிலேயே நிரப்புங்கள்.

தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகும், காலை கிளம்பும் முன்பும் இரண்டு இடம் பாருங்கள்: நியூசிலாந்து போக்குவரத்து முகமையின் இணையதளத்தில் சாலை நிலவரம், அந்நாட்டு வானிலை நிறுவனமான மெட்சர்வீஸில் மழை எச்சரிக்கை. நம்மூர் போலவே ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் போட்டிருப்பார்கள். மேற்குக் கரைக்கு ஆரஞ்சு வந்தாலே அன்றைய பயணத்தை முன்னே பின்னே நகர்த்துவேன். போக்குவரத்து முகமையின் கட்டணமில்லாத் தொலைபேசி 0800 44 44 49. ஹாஸ்ட் பக்கமும் மில்ஃபோர்ட் சாலையிலும் நெடுந்தூரம் செல்போன் சிக்னலே இருக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி வரைபடம் காட்டும் நேரத்தில் கால் பங்கு கூட்டியே கணக்கிடுங்கள். அது கழிப்பறை நிறுத்தத்தையோ அம்மாவின் முழங்காலையோ கணக்கில் எடுப்பதில்லை.

ஒருமுறை ஹாஸ்டுக்கு வடக்கே சாலையில் மரம் விழுந்து மூன்று மணி நேரம் நின்றேன். நின்றதுகூடத் தொல்லை இல்லை. இருட்டியபின் ஊர் சேர்ந்தால், விடுதி வரவேற்பறை பூட்டு, சாப்பாட்டுக் கடை பூட்டு. அன்றிரவு நானும் மனைவியும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டைப் பங்கு போட்டோம். அங்கே சிற்றூர்கள் எட்டு மணிக்கெல்லாம் அடங்கிவிடும். அதிலிருந்து, சிக்னல் கிடைக்கும் கடைசி ஊரிலேயே விடுதிக்குப் போன் செய்து ‘தாமதமாகலாம்’ என்று சொல்லிவிடுகிறேன். சாவியை எங்கே வைப்பார்கள் என்று அவர்களே சொல்வார்கள். டிக்கியில் ரொட்டி, பழம், பிளாஸ்கில் வெந்நீர் எப்போதும் உண்டு. பெரியவர்களின் மாத்திரை டிக்கிப் பெட்டியில் அல்ல, கைப்பையில்.

உணவு என்றதும் நினைவுக்கு வருகிறது: உங்கள் முதல் தாமதம் சாலையில் அல்ல, விமான நிலையத்திலேயே வரலாம். ஊறுகாய், பருப்புப் பொடி, கறிவேப்பிலை, மிட்டாய், எதுவானாலும் வருகைப் படிவத்தில் அறிவியுங்கள். அறிவித்தால் பார்த்துவிட்டு விடுவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள். மறைத்துப் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தேன் கொண்டு போகவே வேண்டாம். விமானத்தில் இறங்கிய அன்றைக்கே டெக்காபோவுக்கு ஓட்டுவதாகப் போட்டிருந்தீர்கள். இரவு முழுக்க விமானத்தில் வந்தவர் மூன்று மணி நேரம் கார் ஓட்டக்கூடாது.

காப்பீடு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பயணக் காப்பீட்டில் ‘தாமதம்’, ‘தவறிய இணைப்பு’ என்று இருப்பது பெரும்பாலும் விமானம் போன்ற பொதுப் போக்குவரத்துக்குத்தான். நீங்களே ஓட்டிக்கொண்டு போய் சாலை மூடலால் விமானத்தைத் தவறவிட்டால் அது செல்லாமல் போகலாம். வாங்குமுன் அந்தப் பத்தியைப் படியுங்கள். கார் ஒப்பந்தத்தில் அடிப்பாகச் சேதம், வெள்ளத்தில் இறக்கிய சேதம் இரண்டும் விலக்கா என்று கேளுங்கள். காரைத் திருப்பித் தரத் தாமதமானால் நேரம் முடிவதற்குள் போன் செய்யுங்கள்.

உங்கள் மனைவிக்கு லைசென்ஸ் இருந்தால் இரண்டாம் ஓட்டுநராகச் சேர்த்துவிடுங்கள். சில நிறுவனங்கள் சிறு கட்டணம் வாங்கும். இடப்பக்கம் ஓட்டும் நாடுதான், ஆங்கிலத்தில் அச்சான நம் லைசென்ஸ் செல்லும். ஒற்றைத் தடப் பாலங்களில் மட்டும் கவனம்: உங்கள் பக்கத்து அம்பு சிறியதாகச் சிவப்பில் இருந்தால் எதிர்வண்டிக்கு வழிவிட்டு நில்லுங்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஒதுங்கும் இடத்தில் ஒதுங்கி அனுப்பிவிடுங்கள். விடுதிகளில் இன்று முன்பதிவு செய்யும்போது ஃபிரான்ஸ் ஜோசஃப், வனாகா இரண்டுக்கு மட்டுமாவது ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பாருங்கள். கொஞ்சம் விலை கூடும். மற்ற இடங்களில் மலிவானதே போதும்.