தோட்டத்துக் கேள்வி பதில்: ஓர்க்கிட் பூக்கவில்லையே?

கேள்வி: கண்டியில் வாங்கிய டென்ட்ரோபியம் ஓர்க்கிட்டை மாட்டெரு கலந்த மண்ணில் வைத்தேன். இலை மஞ்சளாகிறது, பூவே இல்லை. எங்கள் வெயில் அதற்கு ஒத்துவராதா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: வெயிலில் பிழை இல்லை, தங்கச்சி. மண்ணில்தான் பிழை. டென்ட்ரோபியம் மரக்கிளையில் ஒட்டி வளர்கிற சாதி. வேருக்குக் காற்று வேணும். இன்றைக்கே கிளப்பி, அழுகிய வேரை வெட்டிவிட்டு, விறகுக்கரியும் பொச்சுமட்டைத் துண்டும் போட்டு, பக்கமெல்லாம் ஓட்டை உள்ள சட்டியில் வையுங்கள். காலை வெயில் படட்டும், மத்தியானத்துக்குப் பச்சை வலை. வேப்பமர நிழலில் ஒளித்து வைத்தால் இலைதான் வரும்.

அப்புறம் தண்ணீர். எங்கள் பக்கக் கிணறுகளில் சுண்ணாம்பு அதிகம், அது ஓர்க்கிட்டுக்கு ஆகாது. கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். நான் மாரி மழையைத் தகரக் கூரையிலிருந்து பரலில் பிடித்து வைக்கிறேன். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தினமும் காலையில் ஊற்றுங்கள். அடைமழைக்குத் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேர் அழுகும்.

எங்கள் காட்டு மரங்களிலேயே வாண்டா தெசலாட்டா என்ற ஓர்க்கிட் உண்டு. மங்கல் கபிலப் பூ, நல்ல வாசம். ஆசைப்பட்டுப் பிடுங்கி வராதீர்கள், அரச காட்டில் அது குற்றம். நாற்றுப்பண்ணையில் வாண்டா கலப்பினங்கள் கேட்டுப் பாருங்கள்.