பன்னிரண்டு நாளில் இந்தோனேசியா: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: மே மாத விடுமுறையில் நானும் கணவரும், அறுபது வயதைக் கடந்த என் பெற்றோருடன் 12 நாள் இந்தோனேசியா செல்ல விரும்புகிறோம். போரோபுதூர், பாலி, கொமோடோ தீவு, தோபா ஏரி ஆகிய நான்கையும் பார்த்துவிட முடியுமா? நாங்கள் முழுச் சைவம் என்பதால் உணவைப் பற்றியும் சொல்லுங்கள். – கோவை வாசகி ஒருவர்

பதில்: நான்கையும் தொட்டுவிட்டு வரலாம், ஆனால் நாள்களில் பெரும்பகுதி விமான நிலையங்களில் கழியும், பெற்றோரின் உடல்நிலையும் அதைத் தாங்காது. போரோபுதூர் இருக்கும் ஜாவாவையும் அதற்கு அடுத்த பாலியையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவதே நல்லது.

இந்தோனேசியா 17,000-க்கும் மேற்பட்ட தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் நாடு. சுமார் 28 கோடி மக்கள் வாழும் இந்நாடு மேற்கிலிருந்து கிழக்காக 5,000 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. மூன்று நேர மண்டலங்களைக் கொண்டது. தோபா ஏரி சுமத்ராவின் வடபகுதியில் இருக்கிறது. கொமோடோவுக்குச் செல்லும் துறைமுக நகரான லபுவான் பாஜோ புளோரஸ் தீவின் மேற்கு முனையில் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு கன்னியாகுமரியிலிருந்து டெல்லிக்கு உள்ள தொலைவைவிட அதிகம். நடுவில் ஜகார்த்தா போன்ற ஓரிடத்தில் விமானம் மாறவும் வேண்டியிருக்கும். வரைபடத்தில் இரண்டு விரல் அகலமாகத் தெரிவது, இந்நாட்டில் முழுதாக ஒரு பகலை எடுத்துக்கொள்ளும்.

நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் மாதம் மிகப் பொருத்தமானது. ஜாவாவிலும் பாலியிலும் ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். மே மாதத்தில் மழை குறைந்திருந்தாலும் வயல்களில் பச்சை வற்றியிருக்காது. இந்த விதி நாடு முழுவதற்கும் பொருந்தாது. மலுக்குத் தீவுகளின் அம்போனில் மே முதல் ஆகஸ்டு வரைதான் பெருமழை பெய்யும்.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக நேரே ஜாவாவின் யோக்யகர்த்தா நகரில் இறங்கி, பாலியிலிருந்து திரும்புமாறு பயணச்சீட்டு எடுங்கள். போன வழியே திரும்பும் ஒரு நாள் மிச்சமாகும். யோக்யகர்த்தாவின் புதிய விமான நிலையம் நகரத்திலிருந்து தொலைவில் இருந்தாலும், அங்கிருந்து புறப்படும் ரயில் சுமார் 40 நிமிடத்தில் ஊருக்குள் கொண்டுவந்து சேர்க்கும். இங்கே நான்கு இரவு தங்குங்கள். பாலிக்கு ஓடும் அவசரத்தில் பலர் இந்நகரை ஒரே நாளில் முடித்துக்கொள்வது எனக்கு எப்போதும் வருத்தமாகவே இருக்கிறது.

நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள போரோபுதூர், சைலேந்திர மன்னர்கள் எழுப்பிய பௌத்த நினைவுச்சின்னம். வளாகத்துக்குள் நுழைவதற்கும் கட்டடத்தின் மேல் ஏறுவதற்கும் தனித்தனிச் சீட்டு உண்டு. மேலே ஏறுவோரின் எண்ணிக்கைக்கு நாள்தோறும் வரம்பு இருப்பதால் முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்யுங்கள். கல் தேயாமல் இருக்க அவர்கள் தரும் பின்னல் செருப்பை அணிந்து, வழிகாட்டியுடன்தான் ஏற முடியும். படிகள் உயரமானவை என்பதால் பெற்றோருக்கு வளாகச் சீட்டே போதுமானதாக இருக்கலாம். வைசாகப் பௌர்ணமி பெரும்பாலும் மே மாதத்தில்தான் வரும்; அன்று மெண்டுட் ஆலயத்திலிருந்து போரோபுதூருக்கு ஊர்வலம் நடைபெறுவதால், அதைக் காண்பதே நோக்கமாக இருந்தாலன்றி அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

யோக்யகர்த்தாவை அடுத்த பிரம்பனானை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கோயில் தொகுதியின் நடுவில் 47 மீட்டர் உயரச் சிவாலயம் நிற்கிறது. அதன் வடக்கு அறையில் துர்க்கையும் மேற்கில் விநாயகரும் தெற்கில் அகத்தியரும் இருக்கிறார்கள். சுற்றுச்சுவரின் உட்புறத்தில் ராமாயணக் காட்சிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை வலம் வந்தபடியே பார்க்க வேண்டும். மாலையில் கோயிலைப் பின்னணியாகக் கொண்டு நடக்கும் ராமாயண நாட்டிய நாடகம் வறண்ட காலத்தில் திறந்தவெளி அரங்கில் அரங்கேறும்.

அடுத்து சுரபாயா வரை ரயிலிலும், அங்கிருந்து காரிலும் புரோமோ எரிமலைக்குச் சென்று இரண்டு இரவு தங்கலாம். சூரிய உதயத்தைக் காண அதிகாலை மூன்று மணிக்கே ஜீப்பில் புறப்பட வேண்டும். கம்பளிச் சட்டை அவசியம். பெற்றோர் சிரமப்பட வேண்டாம் என்று நினைத்தால், மலைவிளிம்பில் உள்ள செமோரோ லாவாங் கிராமத்தில் அறை எடுங்கள். அங்கிருந்தே எரிமலை தெரியும். பின்னர் சுரபாயாவிலிருந்து ஒரு மணி நேர விமானப் பயணத்தில் பாலி. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவையுங்கள். மீதமுள்ள ஐந்து இரவுகளில் நெரிசல் மிகுந்த தென்கடற்கரையைவிட, தீவின் உட்புறத்தில் உள்ள உபுது பகுதி உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது. கோயில்களில் இடுப்பில் சாரோங் (கைலி போன்ற துணி) கட்டாயம்.

உணவில் உண்மையான இடர் கண்ணுக்குத் தெரியாதது. தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தாஹு (சோயாப் பனீர்), கடலைச் சாந்துடன் கூடிய காய்கறிக் கலவையான காடோகாடோ என்று காய்கறி உணவுக்குக் குறைவில்லை. ஆனால் தெராசி எனப்படும் இறால் விழுது பெரும்பாலான சம்பல்களிலும் சில குழம்புகளிலும் கலந்திருக்கும், மொறுமொறுவென்று வைக்கும் அப்பளமும் இறால் சேர்ந்ததாக இருக்கக்கூடும். 'காய்கறி மட்டும்' என்று சொல்வது போதாது; 'தன்பா தெராசி' (இறால் விழுது வேண்டாம்) என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். யோக்யகர்த்தாவின் இளம்பலாக் குழம்பான குடெக் அருமையானது என்றாலும், கோழியும் மாட்டுத்தோல் கறியும் சேர்த்தே பரிமாறுவார்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, அங்கே இறங்கியதும் பெறக்கூடிய வருகை விசா உண்டு. கட்டணம் 5,00,000 ரூபியா, 30 நாள் செல்லும். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். அதை முன்கூட்டியே இணையத்தில் பெறுவதானால், இந்தோனேசியக் குடியேற்றத் துறையின் சொந்த இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் இடைத்தரகர் தளங்களும் இருக்கின்றன. விதிகள் மாறக்கூடியவை என்பதால் புறப்படும் முன் அங்கேயே சரிபாருங்கள். பாலிக்கு மட்டும், 2024 பிப்ரவரி முதல், ஒருவருக்கு 1,50,000 ரூபியா தனிக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. பல ஏடிஎம்கள் பணத்தை முதலில் தந்துவிட்டு அட்டையைப் பிறகே வெளியே தள்ளும்; பணத்தோடு நடந்துவிடாதீர்கள்.

எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நிற்பதும் அங்கே வழக்கம். 2024 நவம்பரில் புளோரஸின் லெவோதோபி வெடித்தபோது பாலி விமானங்கள் பல ரத்தாயின. எனவே திரும்பிய மறுநாளே அலுவலகம் போகும்படி திட்டமிடாதீர்கள். பயணக் காப்பீட்டில் இத்தகைய தாமதத்துக்கு இழப்பீடு உண்டா என்று கேட்டறியுங்கள். போதைப்பொருள் சட்டம் அங்கே மரண தண்டனை வரை செல்வது என்பதால், பெற்றோரின் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல் மருத்துவரின் சீட்டுடன் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோபாவைத் தனிப் பயணமாக வையுங்கள். ஏரிக்குச் செல்ல இறங்கும் சுமத்ராவின் மேடான் நகரம், கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேர விமானத் தொலைவுதான். புகையிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்கள் 1884-இல் எழுப்பிய மாரியம்மன் கோயில் அந்நகரில் இருக்கிறது. ஏரியின் நடுவில் உள்ள சமோசிர் தீவில் மூன்று நாள் தங்கி வர ஒரு வாரம் போதும்.