பிரெஞ்சில் 'ஃப்யுத்யூர் ப்ரோஷ்' காலத்துக்கு ஒரு வினைச்சொல்லை எப்படி மாற்றுவது?

'மான்ழே' என்றால் சாப்பிடுவது. அதை ஃப்யுத்யூர் ப்ரோஷில், அதாவது அண்மை எதிர்காலத்தில், நான், நீ, அவன் என்று எல்லா இடங்களுக்கும் எப்படி மாற்றுவது, விகுதியை எங்கே சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மான்ழேயில் எதையும் சேர்க்க வேண்டாம். அது அகராதியில் இருக்கிறபடியே நிற்கும். மாறுவதெல்லாம் அதற்கு முன்னால் வரும் 'அலே' என்ற வினைதான். அலே என்றால் போவது.

புதுச்சேரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் மாலையில் பிரெஞ்சு சொல்லித் தருகிறேன். இந்தப் பாடம் வரும்போது நான் முதலில் சொல்வது, ஆங்கிலத்தை ஓரமாக வையுங்கள் என்பதுதான். 'ஐ ஆம் கோயிங் டு ஈட்' என்று மனதுக்குள் சொல்லிப் பார்க்கிற பிள்ளை, அந்த 'ஆம்' எங்கே என்று தேடி 'ழெ சுயி' (நான் இருக்கிறேன், ஆங்கிலத்தில் 'ஐ ஆம்') என்று தொடங்கிவிடும். அங்கேயே வாக்கியம் கெட்டுவிடுகிறது. தமிழில் அந்தத் தொல்லை கிடையாது. 'சாப்பிடப் போகிறேன்' என்கிறோம். 'சாப்பிட' எச்சம், யாருக்கும் மாறாது. 'போ'தான் போகிறேன், போகிறாய், போகிறான் என்று மாறும். பிரெஞ்சும் இதேதான், இரண்டு சொற்களும் இடம் மட்டும் மாறி நிற்கின்றன.

ழெ வே மான்ழே: நான் சாப்பிடப் போகிறேன்
த்யு வா மான்ழே: நீ சாப்பிடப் போகிறாய்
இல் வா மான்ழே, எல் வா மான்ழே: அவன், அவள்
நூஸலோன் மான்ழே: நாங்கள் அல்லது நாம்
வூஸலே மான்ழே: நீங்கள்
இல் வோன் மான்ழே, எல் வோன் மான்ழே: அவர்கள்

பேச்சில் 'நாம்' என்பதற்கு 'ஓன் வா மான்ழே' என்றுதான் அதிகம் கேட்பீர்கள். 'நூஸலோன்' என்பதில் ஒரு அழகு இருக்கிறது. 'நூ' தனியாக வரும்போது அதன் கடைசி 'ஸ்' ஒலிக்காது. அடுத்து உயிரெழுத்து வந்தால் விழித்துக்கொள்ளும். புணர்ச்சி படித்து வளர்ந்த நமக்கு இதை ஒருமுறை சொன்னால் போதும். அப்புறம், பிரெஞ்சில் 'வா' என்று ஒருவரை ஏவினால் 'போ' என்று பொருள். முதல் நாள் வகுப்பில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும், ஆனால் அதன் பிறகு அந்தச் சொல்லை ஒருவரும் மறந்து நான் பார்த்ததில்லை.

எதிர்மறையும் தமிழைப் போலவே 'போ'வின் மேல்தான் விழுகிறது. 'சாப்பிடப் போவதில்லை' என்போம். அங்கே 'ழெ ந வே பா மான்ழே'. ந, பா இரண்டும் 'வே'யை இருபுறமும் அணைத்து நிற்கும். மான்ழே வெளியே இருக்கும். அதுவே 'அதைச் சாப்பிடப் போகிறேன்' என்றால் 'அதை' என்ற சொல் மான்ழேக்கு ஒட்டி முன்னால் வரும்: 'ழெ வே ல மான்ழே'.

தமிழ் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. 'ஸ லவே' (எழுந்திருப்பது) போன்ற வினைகளில் அந்த 'ஸ' ஆளுக்கு ஆள் மாறும். ழெ வே ம லவே, த்யு வா த லவே, நூஸலோன் நூ லவே. 'நூஸலோன் ஸ லவே' என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய. இதை வாய்விட்டுச் சொல்லித்தான் பழக வேண்டும், வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, எதிர்காலத்துக்கு ஃப்யுத்யூர் சாம்ப்ள் என்று இன்னொன்றும் இருக்கிறதே, எப்போது எது என்று அடுத்து கேட்பீர்கள். வானம் கறுத்திருப்பதைப் பார்த்து 'மழை வரப் போகிறது' என்கிறோமே, அது 'இல் வா ப்ளெவ்வார்'. 'நாளைக்கு மழை வரும்' என்று செய்தியில் சொல்வது 'இல் ப்ளெவ்ரா'. 'அவளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது' என்றால் அவள் இப்போது கர்ப்பமாக இருக்கிறாள். 'குழந்தை பிறக்கும்' என்றால் என்றாவது ஒருநாள் என்ற நம்பிக்கை. பிரெஞ்சிலும் 'எல் வா அவ்வார்' (பெறப் போகிறாள்), 'எல் ஒரா' (பெறுவாள்) இரண்டுக்கும் நடுவே இதே வேறுபாடுதான். ஆகவே 'அண்மை' என்ற பெயரைப் பார்த்துக் கடிகாரத்தைக் கணக்கிட வேண்டாம். பத்து வருடம் கழித்து நடக்கப் போவதையும் இதில் சொல்லலாம். அதற்கான அறிகுறியோ முடிவோ இப்போதே இருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

'போகப் போகிறேன்' என்று நாம் இரண்டு 'போ' சேர்ப்பதுபோல 'ழெ வே அலே' என்பதும் சரியான பிரெஞ்சுதான், தயங்காமல் எழுதுங்கள். 'கிளம்பப் போனேன், அதற்குள் மழை வந்துவிட்டது' என்பதற்கு அலேயை இம்பர்ஃபே என்ற தொடர் இறந்தகாலத்துக்கு மாற்றி 'ழலே பார்த்தீர்' என்றால் முடிந்தது.

எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. மான்ழே என்ற மூல வடிவமும், 'சாப்பிட்ட' என்ற இறந்தகால வடிவமும் காதுக்கு ஒன்றே. எழுத்தில் முன்னது 'எர்' என்று முடியும், பின்னது மேலே கோடு போட்ட ஒற்றை 'எ'யில் முடியும். பிரெஞ்சுக் குழந்தைகளே இதில் தடுமாறுவார்கள். அவர்கள் பள்ளியில் கற்றுக்கொள்ளும் உத்தி இது: அந்த இடத்தில் 'மோர்த்ர்' (கடிப்பது) என்ற வினையை வைத்துப் பாருங்கள். அதன் இறந்தகால வடிவம் 'மோர்த்யு'. 'ழெ வே மோர்த்ர்' என்று வருகிறது, 'ழெ வே மோர்த்யு' என்று வராது. அதனால் அங்கே 'எர்'. உங்கள் தேர்வுத்தாளில் 'வே'யோ 'வா'வோ 'வோன்'னோ வந்து, அடுத்து 'ஏ' ஒலியில் முடியும் வினை வந்தால், ஒரு நொடி நின்று இதைச் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.