ஸ்டார் இருக்கிறது, ஆள் இல்லையே!

கேள்வி: பைத்தானில் ஒரு சிறிய வெப் ஃபிரேம்வொர்க் (வலைத்தளம் கட்ட உதவும் அடித்தளக் கோட்) எழுதி, ஓப்பன் சோர்ஸாக, கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. பிடித்தவர்கள் அங்கே போடும் ஸ்டார் 300-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் கோட் எழுதுவது இன்றும் நானும் என் நண்பரும்தான். எங்கே, எப்படி விளம்பரம் செய்தால் ஆட்கள் வருவார்கள்?

பதில்: விளம்பரத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். 300 பேர் ஏற்கெனவே வாசல் வரை வந்திருக்கிறார்கள், உள்ளே யாரும் வரவில்லை. இன்னும் 3,000 பேரைக் கூப்பிட்டாலும் அதே இடத்தில்தான் திரும்பிப் போவார்கள். அது எந்த இடம் என்று முதலில் பாருங்கள்.

பைத்தான் தெரிந்த, ஆனால் உங்கள் ப்ராஜெக்டைப் பார்த்தே இராத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ரீட்மீயை (ப்ராஜெக்டின் அறிமுகக் குறிப்பை) மட்டும் கொடுத்து, அவருடைய லேப்டாப்பில் இன்ஸ்டால் செய்து, டெஸ்ட் எல்லாம் ஓட்டி, ஒரு சின்ன எழுத்துப்பிழையைத் திருத்தி புல் ரிக்வெஸ்ட் (இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது. அவர் உங்கள் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையையும் குறித்துக்கொள்ளுங்கள், அந்தக் குறிப்புதான் உங்கள் அடுத்த மாத வேலை.

பைத்தானின் பிரபலமான வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவைப் பாருங்கள். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில், ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் வேலைக்காக எழுத ஆரம்பித்தது, 2005-ல் வெளியே வந்தது. அவர்களும் தொடங்கும்போது இரண்டே பேர்தான். அது இவ்வளவு பரவியதற்கு நான் முதலில் சொல்லும் காரணம் அதன் டாக்குமெண்டேஷன். பயன்படுத்துவது எப்படி என்பதோடு நிற்காமல், ஜாங்கோவுக்கே முதல் பேட்ச் (கோட் திருத்தம்) எழுதுவது எப்படி என்று ஒரு கற்பனை டிக்கெட்டை (செய்ய வேண்டிய வேலைக் குறிப்பை) எடுத்துக்கொண்டு படிப்படியாகக் கைபிடித்து அழைத்துப் போகும் தனிப் பாடமே அதில் இருக்கிறது. உங்கள் ரெப்போவில் (ப்ராஜெக்டின் கோட் இருக்கும் இடத்தில்) அப்படி ஒரு பக்கம் இருக்கிறதா?

அப்புறம் 2014-ல் பெர்லினில் ஜாங்கோ கேர்ள்ஸ் தொடங்கியது. கோட் எழுதியே பழகாத பெண்களுக்கான இலவசப் பட்டறை அது. மூன்று பேருக்கு ஒரு பயிற்சியாளர் என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறார்கள், பாடம் "இன்டர்நெட் எப்படி வேலை செய்கிறது" என்பதிலிருந்து ஆரம்பிக்கிறது. பாடம் எல்லோருக்கும் திறந்தே இருப்பதால், பல நாட்டில் பல பேர் தங்கள் ஊரில் அதையே நடத்தினார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல விளம்பரம் எந்த ஃபிரேம்வொர்க்குக்கும் கிடைத்ததில்லை. நீங்களும் ஒரு நாள் பாடம் ஒன்று எழுதுங்கள், வேறு யாரோ எடுத்து நடத்தும் அளவுக்குத் தெளிவாக.

முதல் புல் ரிக்வெஸ்ட் வந்தால் இரண்டு நாளுக்குள் பதில் போடுங்கள். முழுசாகப் பார்க்க நேரமில்லை என்றால் "பார்த்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படிக்கிறேன்" என்று ஒரு வரி போதும். மூன்று வாரம் காத்திருந்தவர் திரும்பி வரமாட்டார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சுலபமான இஷ்யூ (திருத்த வேண்டிய வேலை) குறைந்தது பத்து எப்போதும் திறந்திருக்கட்டும், எந்த ஃபைலில் மாற்ற வேண்டும் என்பதுவரை எழுதி வையுங்கள். நீங்களே பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்தான், ஆனாலும் தொடாதீர்கள். கோடை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் லைசென்ஸ் ஃபைல் இல்லையென்றால் இன்றே போடுங்கள்.

எண்ணிக்கைக்காகப் பரிசு கொடுக்கும் வழி மட்டும் வேண்டாம். ஓப்பன் சோர்ஸுக்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் பரிசு என்று அக்டோபரில் நடக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்டில், 2020-ல் டி-ஷர்ட்டுக்காக ரீட்மீயில் ஒரு சொல்லை மாற்றி மாற்றி வந்த குப்பைகளால் மெயின்டெய்னர்கள் (ப்ராஜெக்டைப் பராமரிப்பவர்கள்) திணறிப்போனார்கள். விருப்பம் தெரிவித்த ரெப்போ மட்டும்தான் கணக்கு என்று நடத்துகிறவர்கள் அந்த மாதமே விதியை மாற்ற வேண்டி வந்தது.

வாசல் சரியான பிறகு வெளியே போங்கள். சென்னையின் பைத்தான் குழுவான சென்னைபையின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசுங்கள். பைத்தான் மாநாடான பைகான் இந்தியாவில், சேர்ந்து உட்கார்ந்து கோட் எழுதும் ஸ்பிரிண்ட் நடக்கும்போது உங்கள் ப்ராஜெக்டையும் கொடுத்துப் பாருங்கள். மேடைப் பேச்சில் நூறு பேர் கை தட்டுவதைவிட, ஸ்பிரிண்டில் நான்கு பேர் ஒரு இஷ்யூவை முடித்துவிட்டுப் போவது பெரிது.

ஆள் வந்த பிறகுதான் பலர் தடுமாறுவது. ஜாங்கோவில் "கோர் டீம்" என்ற பட்டத்தையே 2020-ல் கலைத்துவிட்டு, மெர்ஜ் செய்பவர் (வந்த மாற்றத்தைச் சேர்ப்பவர்), ரிலீஸ் செய்பவர் (புதிய பதிப்பை வெளியிடுபவர்) என்று வேலையின் பெயரிலேயே பொறுப்புகளை வைத்தார்கள், ஏனென்றால் அந்தப் பட்டம் புதியவர்களுக்கு எட்டாத உயரமாகத் தெரிந்தது. ஒருவர் நான்கைந்து நல்ல பேட்ச் அனுப்பிவிட்டால், இஷ்யூ பார்க்கும் உரிமையை அவர் கேட்கும் முன்பே கொடுங்கள், கொஞ்ச நாள் கழித்து மெர்ஜ் உரிமையும். தப்பான மெர்ஜைத் திருப்பிவிடலாம். ரிலீஸ் சாவியில் (பதிப்பை வெளியிடும் உரிமையில்) மட்டும் நிதானம் வேண்டும், ஃபைல்களைச் சுருக்கும் ஓப்பன் சோர்ஸ் கருவியான எக்ஸ்இசட்டில் இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பொறுமையாக உழைத்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர்தான் 2024-ல் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்தார். அதனால் ரிலீஸுக்கு எப்போதும் இரண்டு பேர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இப்போதே எழுதி வைத்துவிடுங்கள், உங்களுக்கும் உங்கள் நண்பருக்கும் சேர்த்துத்தான்.