கோயிலுக்குப் பக்கத்து வீடு: ஓட்டில் கை வைக்கும் முன்

கேள்வி: தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு அருகில் எங்கள் பூர்விக ஓட்டு வீடு இருக்கிறது. அதை இடித்துவிட்டு மாடி வீடு கட்ட விரும்புகிறோம். தொல்லியல் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும் என்கிறார்கள். யாரிடம் விசாரிப்பது என்றே தெரியவில்லை. தரகர் ஒருவர், தான் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தச் சான்று உங்கள் மனைக்குக் கிடைக்குமா என்பதே இன்னும் தெரியாதபோது அவர் எதை வாங்கித் தரப்போகிறார்?

இந்தக் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். பழமையான நினைவுச்சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு 2010இல் வந்த திருத்தமும்தான் இங்கே பேசும். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அங்கே புதிய கட்டுமானத்துக்கு எந்த அதிகாரியாலும் அனுமதி தர முடியாது. அதைத் தாண்டி அடுத்த 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே அனுமதி பெற்றுக் கட்டலாம். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பலரும் சறுக்குவது அளப்பதில்தான். வாசலிலிருந்து கோபுரம் வரை டேப் பிடித்து, 120 மீட்டர் வருகிறது, தப்பித்தோம் என்கிறார்கள். கணக்கு கோபுரத்திலிருந்து தொடங்குவதில்லை. அரசிதழில் அறிவிக்கப்பட்ட எல்லையிலிருந்து தொடங்குகிறது. அது மதிலுக்கு வெளியேயும் இருக்கலாம். எனவே முதலில் உங்களுக்கு வேண்டியது அந்த அறிவிக்கையும் எல்லை வரைபடமும். இந்தியத் தொல்லியல் துறையின் வட்ட (சர்க்கிள்) அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உங்கள் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, இரண்டின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பட்டாவோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டிய தகவலுக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியிருப்பது நம் தலையெழுத்து.

தரகர்கள் காட்டும் காகிதங்கள் பெரும்பாலும் மூன்று வகை: உள்ளாட்சியின் கட்டட வரைபட அனுமதி, கோயில் நிர்வாகத்தின் கடிதம், வேறு யாருக்கோ கிடைத்த சான்றின் மங்கலான நகல். முதல் இரண்டும் தொல்லியல் அனுமதிக்கு ஈடாகாது. மூன்றாவதில் சர்வே எண்ணைத் தேடிப் பாருங்கள். அந்த இடத்தில்தான் மடிப்பு விழுந்திருக்கும், அல்லது மை பரவியிருக்கும்.

உங்களுக்குப் பயன்படக்கூடிய விலக்கு ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீடு 100 மீட்டருக்குள் இருந்தாலும், 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த கட்டடம் என்றால், அதைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி கேட்கலாம். ஓடு மாற்றுவது, உளுத்த உத்தரத்தை எடுத்துவிட்டு வேறு போடுவது, சுவர் பூசுவது போன்ற வேலைகளுக்கு இந்த வழியில் விண்ணப்பிக்கலாம். மேலே ஒரு தளம் எழுப்புவதும், பின்கட்டில் ஓர் அறையை நீட்டுவதும் சட்டத்தின் கண்ணில் புதிய கட்டுமானம். இடித்துவிட்டு அதே அளவில் திரும்பக் கட்டுவதும் பழுதுபார்ப்பு ஆகாது. 100 மீட்டருக்குள் அதற்கும் வழியில்லை. அதாவது, வீடு நிற்கும் வரைதான் உங்களுக்கு உரிமை. இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகு கையில் இருப்பது வெறும் மனை. "முதலில் இடியுங்கள், அனுமதி பின்னால் வரும்" என்று யோசனை சொல்பவரை வீட்டு வாசற்படி ஏறவிடாதீர்கள். வீடு அப்போதே இருந்தது என்பதற்குப் பழைய வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு ஆவணம், மனையை மட்டுமல்லாமல் கட்டடத்தையும் விவரிக்கும் பத்திரம் ஆகியவற்றை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

விண்ணப்பம் மாநிலத்துக்கென நியமிக்கப்பட்ட தகுதிவாய்ந்த அதிகாரிக்குப் போக வேண்டும். அவர் 15 நாளில் டெல்லியிலுள்ள தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் 2 மாதத்தில் பரிந்துரைக்க வேண்டும். அதன்பின் ஒரு மாதத்தில் முடிவு. இந்த மூன்றரை மாதக் கணக்கு சட்டப் புத்தகத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஒரு காகிதம் குறைந்தாலும் கோப்பு திரும்பி வரும் என்பதால், கொடுத்த ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை வாங்கி வையுங்கள்.

தை பிறந்ததும் ஓடு பிரிக்க ஆள் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லை வரைபடம் கைக்கு வரும்வரை அவரை நிறுத்தி வையுங்கள்.