எதில் சிக்கனம் பிடிப்பது?

ஐயா,

நான் தென்மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவர். அடுத்த வருடம் ஓய்வு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியின் வாழ்க்கையைச் சமீபத்தில் படித்தேன். அவரும் அரசு வேலையில் ஓய்வு பெற்று, 58 வயதில், முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடுதான் ஆரம்பித்திருக்கிறார். படித்ததிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. சொந்த ஊரில் பத்துக் கட்டில் போட்டு ஒரு ஆஸ்பத்திரி தொடங்க ஆசை. மனைவிக்கும் மகனுக்கும் இதில் இஷ்டமில்லை. ஒரு தனியார் மருத்துவமனை கழித்துவிட்ட ஸ்கேன் மெஷின் மலிவாக வருகிறது. படம் கொஞ்சம் மங்கல், ஆனால் இலவசமாகப் பார்க்க வருகிறவர்களுக்கு அது போதும். காசு கொடுப்பவர்களை வெளியே எடுத்துவரச் சொல்லிவிடலாம். என் கேள்வி இதுதான். வெங்கடசாமி மகான். கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஸ்ரீ அரவிந்தர் பக்தர். என்னைப் போன்ற சம்சாரியால், அந்த ஆன்மிக பலம் இல்லாமல், இது முடியுமா? அவர் வைத்தியத்தை ஹாம்பர்கர் கடை மாதிரி ஆக்கிவிட்டார் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். அதுபற்றியும் எழுதுங்கள்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள டாக்டர்,

எனக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது. லென்ஸ் வைத்துவிடலாம், காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அப்பத்தா ஞாபகமாகவே இருக்கிறது, வெங்கடசாமி ஞாபகமாகவும் இருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

ஆன்மிகக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அவருக்கு அது பலம். மறைத்தவரும் இல்லை, மருத்துவமனைக்கே அந்தப் பெயரைத்தான் வைத்தார். உங்களுக்குப் பலம் எங்கிருந்து வரும் என்பது உங்கள் பாடு, அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஹாம்பர்கர் விஷயமும் அப்படித்தான். மெக்டொனால்ட்ஸைப் பார்த்து வியந்ததாக அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். எந்த ஊரில் யாரை வேலைக்கு எடுத்தாலும் பழக்கிவிட்டு ஒரே தரத்தில் கொடுக்கிறார்களே, கண் ஆபரேஷனை ஏன் அப்படிக் கொடுக்க முடியாது என்று கேட்டார். ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேஜை. ஒரு கண்ணை முடித்துவிட்டு மைக்ரோஸ்கோப்பைத் திருப்பினால் அடுத்த மேஜையில் அடுத்தவர் கண் கழுவி, மரத்துப்போக ஊசி போட்டுத் தயாராக இருப்பார். தயார் செய்வது யார்? கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள். பவர் பார்ப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் கிழவியிடம் உட்கார்ந்து பேசுவது எல்லாம் அவர்கள்தான். இதைத் தொழிற்சாலை என்று உங்கள் நண்பர்கள் சொன்னால் சொல்லட்டும். அவர்களில் யாராவது புரை வந்து வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

இப்போது அந்த மெஷினுக்கு வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி அது. அதில்தான் எனக்குக் கோபம்.

எங்கள் அப்பத்தாவுக்கு ஒரு இலவச முகாமில் புரை எடுத்தார்கள். எழுபதுகளின் கடைசி, நான் சின்னப் பையன். பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு ஆபரேஷன். அப்போதெல்லாம் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸை அதன் உறையோடு எடுத்துவிடுவார்கள், உள்ளே ஒன்றும் வைக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக முகத்தில் ஒரு கண்ணாடி, நாங்கள் சோடாபுட்டி என்போம். டாக்டரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. அந்தக் கண்ணாடியில் எல்லாம் பெரிதாகவும் பக்கத்தில் இருப்பது போலவும் தெரியும். நேரே பார்த்தால் தெரியும், ஓரத்தில் தெரியாது. அப்பத்தா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு இந்தப் பக்கமே விழும். வாசல்நிலை வளைந்து நிற்கிறது என்பாள். முற்றத்தில் கோழி ஓரத்திலிருந்து திடீரென்று கண்முன்னே முளைக்கும், திடுக்கிடுவாள். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். பேரன் முகம் தெரிகிறதே!

அப்புறம் ஒரு காலம், அவள் திண்ணையை விட்டு இறங்குவதே குறைந்துவிட்டது. குரலை வைத்து ஆளைச் சொன்னாள். அரிசியில் கல்லை விரலால் தடவி எடுத்தாள். வயசாகிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். ஒருநாள் அம்மா அவளுடைய சுருக்குப்பையைத் துவைக்க எடுத்தபோது உள்ளே துணியில் சுற்றி அந்தக் கண்ணாடி இருந்தது. ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தது, இன்னொரு பக்கம் சில்லு சில்லாக உடைந்திருந்தது. ஏன் சொல்லவில்லை என்று அம்மா அழுதுகொண்டே சத்தம் போட்டாள். அப்பத்தா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “ஓசியில குடுத்தாக. ஒடைச்சுப்புட்டேன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போயிக் கேக்க?”

டாக்டர், கண்ணாடி உடைந்தால் அந்தக் கண் மறுபடி குருடுதான். ஆபரேஷன் வெற்றி என்று முகாம் கணக்கில் அவள் பெயர் இருந்திருக்கும். அவளோ திண்ணையில் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்த முகாமை நடத்தியவர்களை நான் குறை சொல்லவில்லை, அன்றைக்கு அவர்கள் கையில் இருந்தது அதுதான். எழுபதுகளில் அது இருந்ததற்குக் காரணம் உண்டு. கையில் நல்லது இருக்கும்போதே இலவசக்காரனுக்கு இது போதும் என்று ஒருவர் முடிவு செய்வதற்குக் காரணம் கிடையாது.

கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் புதிதாக வந்ததா என்ன? லண்டனில் ஹெரால்ட் ரிட்லி 1949-லேயே வைத்துவிட்டார். போர் விமானங்களின் மேல்மூடி உடைந்து பைலட்டுகளின் கண்ணில் குத்திய பிளாஸ்டிக் துண்டு உள்ளேயே கிடந்தும் கண் அதை ஒதுக்கவில்லை என்பதைக் கவனித்து, அதே ஜாதி பிளாஸ்டிக்கில் செய்தார். எண்பதுகளில் நம் ஊரிலும் பணம் உள்ளவர்கள் வைத்துக்கொண்டார்கள். ஏழைகளுக்குக் கண்ணாடி. அரவிந்திலேயே சில காலம் அந்த நிலைதான், காசு கொடுத்தவருக்கு லென்ஸ், இலவசப் பிரிவில் பெரும்பாலும் கண்ணாடி. வெளியிலிருந்து வந்த லென்ஸ் ஒன்று நூறு டாலருக்குப் பக்கம். ஏழை நாடுகளில் ஆயிரக்கணக்கில் செய்கிற ஆபரேஷனுக்கு லென்ஸ் கட்டுப்படியாகாது, கண்ணாடியே போதும் என்று சொன்ன நிபுணர்கள் அப்போது நிறையப் பேர். நல்லவர்கள்தான், படித்தவர்கள்தான். உங்கள் வரியைத்தான் அவர்களும் சொன்னார்கள்.

வெங்கடசாமி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நன்கொடையாக வந்த லென்ஸை வைத்து எத்தனை பேருக்குச் செய்ய முடியும்? டேவிட் கிரீன் என்ற அமெரிக்கர் துணைக்கு வந்தார். 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்று லென்ஸ் செய்ய ஒரு இடம் தொடங்கினார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு வந்தது, அப்புறம் இன்னும் இறங்கியது. கண் ஆஸ்பத்திரி நடத்துகிற மனிதருக்கு பிளாஸ்டிக் கடைகிற வேலை எதற்கு? இலவசமாகப் பார்க்கிறவனுக்கும் லென்ஸ் போட வேண்டுமென்றால் வேறு வழி இல்லை, அதனால்தான். இன்றைக்கு அந்த லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

அவர் சிக்கனம் பிடிக்காதவரா? கடுமையாகப் பிடித்தவர். எதில் பிடித்தார் என்று பாருங்கள். இலவசப் பிரிவில் கட்டில் கிடையாது, தரையில் பாய்தான். வருகிறவர் வீட்டிலும் பாயில்தான் படுக்கிறார், அதில் அவருக்கு ஒரு குறைவும் இல்லை. ஏசி அறை வேண்டும் என்பவர் காசு கொடுத்து எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் கத்தி வைக்கிற சர்ஜன் இரண்டு பக்கத்துக்கும் ஒருவரே. டாக்டர்கள் மாறி மாறி இரண்டு பிரிவிலும் பார்க்க வேண்டும். நீ ஏழையா, சம்பளச் சீட்டைக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை, எந்த வாசலில் நுழைவது என்று வருகிறவர்தான் முடிவு செய்கிறார். மிச்சம் பிடித்ததெல்லாம் பாயிலும் சோற்றிலும் தன்னோடு வேலை பார்த்த சொந்தக்காரர்களின் சம்பளத்திலும்தான். நோயாளியின் கண்ணில் அவர் ஒரு பைசா மிச்சம் பிடிக்கவில்லை. நீங்கள் மங்கலான படத்தில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறீர்கள். அந்த மங்கலில் ஒருத்தியின் கட்டி தெரியாமல் போனால் அவள் வந்து உங்களைக் கேட்கக்கூட மாட்டாள். ஓசியில் பார்த்தது, எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பாள்?

கேட்காதவர்களின் மனசை அவர் எப்படித் தெரிந்துகொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். முகாமில் ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும் பலர் வரவில்லை. ஏன் என்று ஆள் அனுப்பி விசாரித்தார்கள். பஸ் காசு, சாப்பாடு, கூட வருகிறவரின் ஒரு வாரக் கூலி, பயம். சரி என்று பஸ்ஸையும் சோற்றையும் மருத்துவமனையே ஏற்றுக்கொண்டது. ஒரே ஊர்க்காரர்களைச் சேர்த்து அழைத்துவந்து சேர்த்தே கொண்டுபோய் விட்டார்கள்.

மகான் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். எட்டயபுரம் பக்கம் அயன் வடமலாபுரத்தில் 1918-ல் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர். சின்ன வயதில் எருமை மேய்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவர். ஊரில் சொந்தக்காரப் பெண்கள் பிரசவத்தில் செத்ததைப் பார்த்து மகப்பேறு மருத்துவராக நினைத்தார். ராணுவத்தில் இருந்து வந்ததும் முடக்குவாதம் அவரைப் படுக்கையில் போட்டது. எழுந்தபோது விரல்கள் பேனாவைக்கூடப் பிடிக்கவில்லை. மகப்பேறு இனி முடியாது என்று கண்ணுக்கு வந்தார். அந்த விரலுக்குத் தகுந்த கருவி செய்துகொண்டு, மெல்ல மெல்லப் பழகி, மதுரை அரசு மருத்துவமனையில் இருபது வருடம் வேலை பார்த்தார். இத்தனை பாடுபட்ட ஒருவரை மகான் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை மிச்சம், கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம்.

கல்யாணம் செய்யாதவர், சரி. ஆனால் 1976-ல் மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் போட்ட 11 கட்டில் அவர் ஒருவர் போட்டதா? தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்கள், குடும்பஸ்தர்கள். தம்பி சீனிவாசன் கட்டடத்தையும் கணக்கையும் பார்த்தார். வங்கி கைவிரித்தபோது வீடு அடமானத்துக்குப் போனது, பெண்களின் நகை போனது. அத்தனையும் சம்சாரிகள் செய்தது. அரவிந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த நகையை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தவருக்கு அது ஒரு வரி இல்லை. உங்கள் மனைவிக்கு இஷ்டமில்லை என்கிறீர்கள். அவரிடம் கணக்கு நோட்டைக் காட்டினீர்களா, அல்லது கனவை மட்டும் சொன்னீர்களா? முப்பது வருடம் உங்கள் நைட் டியூட்டியைச் சமாளித்தவர் அவர். முதலில் அவரோடு உட்காருங்கள், மகனையும் கூப்பிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்கிற காரணங்களை எழுதி வையுங்கள், பாதிக்கு மேல் சரியாக இருக்கும்.

உங்கள் ஆசையை நான் மதிக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு அபார்ட்மெண்ட் வாங்கி உட்கார்ந்துவிடலாம் என்று இருக்கிற காலத்தில் தூக்கம் கெட்டு ஒருவர் இப்படி எழுதுவது பெரிய விஷயம். ஆனால் இரண்டு பக்கக் கடிதத்தில் உங்கள் ஆஸ்பத்திரி எந்த நோய்க்கு என்று ஒரு இடத்திலும் இல்லை. கட்டில் எண்ணிக்கை இருக்கிறது, மெஷின் இருக்கிறது, நோய் இல்லை. வெங்கடசாமிக்கு அது தெரிந்திருந்தது. புரை, எடுத்தால் பார்வை வரும், எடுக்க ஆள் இல்லை. அவ்வளவுதான் தொடக்கம். உங்கள் தாலுகாவில் காசில்லாமல் எதைக் கவனிக்காமல் விடுகிறார்கள், சர்க்கரைப் புண்ணா, பெண்களின் ரத்தசோகையா, கர்ப்பப்பை வாய்ப் புற்றா? ஓபியில் அத்தனை பேரைப் பார்த்த உங்களுக்குத்தான் தெரியும். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. வருகிறவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டே வாருங்கள், எதற்காக வந்தார்கள் என்று மட்டுமில்லை, ஏன் இத்தனை நாள் வரவில்லை என்றும். அந்த நோட்டோடு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்